நாற்பது சொட்டு

சுஹறாவுக்கும் அவள் தங்கச்சி சிபானாவுக்கும் பத்தொன்பது நாள் இடைவெளியில் பிள்ளை பிறந்தது. முந்திப் பிறந்தவன் சுஹறாவின் மகன் ஹாதிக். பிந்திப் பிறந்தவள் சிபானாவின் மகள் ஹப்ஸா. பத்தொன்பது நாள் முந்திப் பிறந்தவன் நியாயப்படி பத்தொன்பது நாள் பாரம் கூடவாக இருக்க வேண்டும். இதை சுஹறா யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் கிளினிக்கில் பிள்ளைகளை நிறுக்கும்போது அவளுக்குள் இந்தக் கணக்குத்தான் ஓடும். தராசு அவள் கணக்கை ஒருநாளும் மதித்ததில்லை.

ஏழாம் மாதம் நிறுத்தபோது ஹாதிக் ஆறு கிலோ எண்ணூறு. ஹப்ஸா எட்டு கிலோ நூறு. மிட்வைஃப் அஸீஸா, பிள்ளைகளின் கார்டில் பேனையால் ஒவ்வொரு புள்ளி வைத்தாள். ஹப்ஸாவின் புள்ளி நல்ல பச்சையில் ஏறிக்கொண்டு போனது. ஹாதிக்கின் புள்ளி பச்சையிலிருந்து வழுக்கி இளம்பச்சைக்கு இறங்கியிருந்தது.

"பயப்பட ஒண்டுமில்லகா. ஆளுக்காள் வளத்தி வேற. முட்டை, மீன் குடு, கீரையக் கடைஞ்சி குடு" என்றாள் அஸீஸா.

"ஹப்ஸாக்கும் அதானே மிஸ் குடுக்கிற. ரெண்டு புள்ளைக்கும் ஒரே சாப்பாடுதான்" என்றாள் சிபானா. அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். சுஹறாவுக்கு அது நெஞ்சில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. ஒரே சாப்பாடு என்றால் குறை பிள்ளையிலா, பெத்தவளிலா?

சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. அங்கே வழக்கம் அப்படித்தான். வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை வந்து குடியேறுவான். அவர்களின் உம்மா மவுத்தாகுமுன் குடியிருந்த வீட்டை மூத்தவளுக்கு எழுதினார். பின்னாலிருந்த வெறும் வளவை இளையவளுக்கு எழுதினார். அன்றைக்கு சிபானா வெறும் மண்ணைத் தந்துவிட்டார்களே என்று அழுதாள். சுஹறாதான் கட்டிப் பிடித்துத் தேற்றினாள். பிறகு சிபானாவின் மாப்பிள்ளை றம்ஸீன் கத்தாருக்குப் போனான். வெறும் மண்ணில் மாபிள் பதித்த வீடு எழும்பியது. அன்றைக்குத் தேற்றியதை நினைத்து சுஹறா இப்போது வருத்தப்பட்டாள்.

அவளுடைய மாப்பிள்ளை பதியுதீன் பிறத்தியாரின் போட்டில் கடலுக்குப் போகிறவர். நல்ல மனுசன். அவர் கொண்டு வரும் மீனில் முதல் பங்கு எப்போதும் சிபானா வீட்டுக்குப் போகும். "அந்தப் புள்ளைக்கு மனுசன் பக்கத்தில இல்லயே" என்பார். அதுவும் சுஹறாவுக்குப் பிடிக்காது. ஆனால் சட்டியில் மீனை எடுத்து வைக்கிறவள் அவள்தான். சின்ன மீனாகப் பார்த்து வைப்பாள்.

ஆடி மாதத்துக் கச்சான் காற்று சுழற்றி அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் கத்தாரிலிருந்து பெட்டி வந்தது. மூன்று பேர் தூக்கி இறக்கினார்கள். பால்மா, சவர்க்காரம், பிள்ளைக்குச் சட்டை, பாதாம் பருப்பு. அசர் தொழுகைக்குப் பிறகு சிபானா ஒரு பையோடு வந்தாள்.

"ராத்தா, இது ஹாதிக்குக்கு. விட்டமின் சொட்டு. மூணு போத்தல் இரிக்கி. ஒரு போத்தல் ஒரு வருசத்துக்குப் போதுமாம்."

"ஒரு வருசமா? இத்தின சின்னப் போத்தலா?"

"ஒரு நாளைக்கு ஒரு சொட்டுத்தானாம். கூடக் குடுக்க வேணாமெண்டு சொன்னாரு. அங்க டொக்டர்மார் பொறந்த நாளிலயே எழுதிக் குடுக்கிறதாம். எலும்பு பலக்குமாம்."

"ஹப்ஸாக்கும் ஒரு சொட்டா?"

"ஓம் ராத்தா, ஒண்டுதான்."

சுஹறா வாங்கி வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது அவளுக்கு. தங்கச்சியைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூட அன்றைக்கு ஒருதரம் நினைத்தாள். அந்த நல்ல எண்ணம் மூன்று நாள் இருந்தது.

நாலாம் நாள், புட்டு அவிக்கத் தேங்காய் துருவி எடுக்க சிபானாவின் குசினிக்குப் போனாள். ஜன்னல் கட்டின்மேல் ஹப்ஸாவின் சாமான்கள் வரிசையாக இருந்தன. அதில் அதே அளவில் ஒரு போத்தல். ஆனால் வேறு நிறம். சுஹறா எடுத்துப் பார்த்தாள். அவள் ஓ லெவல் வரைக்கும் படித்தவள். இங்கிலீசு வாசிப்பு சரிவராது, ஆனால் இலக்கம் வாசிக்க ஆருடைய உதவியும் வேண்டாம். போத்தலில் பெரிதாக 400 என்று போட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு எழுத்து, ஐ, யு.

வீட்டுக்கு வந்து தன் போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். 10. பக்கத்தில் ஒரு வால் முளைத்த எழுத்து, அதற்குப் பிறகு ஒரு ஜி.

தங்கச்சிக்கு நானூறு, எனக்குப் பத்து. கத்தாரிலிருந்து வந்ததைப் பங்கு வைத்தேன் என்று ஊருக்குச் சொல்லலாம். பாரத்தைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளலாம். அவள் பிள்ளை ஏன் எட்டு கிலோ, தன் பிள்ளை ஏன் ஆறு கிலோ எண்ணூறு என்பதெல்லாம் அந்த ஒரு நிமிசத்தில் அவளுக்கு விளங்கிப்போனது. சொட்டு வந்தே நாலு நாள்தான், பாரம் ஏழு மாதத்துப் பாரம் என்பதை எடுத்துச் சொல்ல அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் அவள் கேட்டிருக்கமாட்டாள்.

தங்கச்சியிடமே கேட்டிருந்தால் விசயம் அங்கேயே முடிந்திருக்கும். 'இதில ஏன் நானூறு, அதில ஏன் பத்து' என்று கொல்லைப்புறமாக நாலு எட்டு நடந்து போய்க் கேட்கலாம். ஆனால் கேட்டால் நான் பார்த்தேன் என்று ஆகிவிடும். தங்கச்சியின் ஜன்னல் கட்டின்மேல் இருந்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்த ராத்தாவாக நிற்க அவளால் ஏலாது. பொறாமைப்பட்டாலும் அவள் மானஸ்தி.

பதியுதீன் வேலை இல்லாத மாதங்களில் வீட்டை நிறுத்திப் பிடிப்பது அவளுடைய இடியப்பம். சுபஹுக்கு முந்தி எழும்பி, வறுத்த சிவப்பரிசி மாவில் கொதிதண்ணீர் ஊற்றிக் குழைத்து, உரலில் போட்டுப் பிழிந்து, தட்டுத் தட்டாக அவிப்பாள். கல்முனையில் இரண்டு சாப்பாட்டுக் கடைக்கு நானூறு இடியப்பம் ஆறு மணிக்குள் போக வேண்டும். எண்ணுவதற்கு அவள் வைத்திருக்கும் வழி ஒன்றுதான். பத்து இடியப்பம் ஒரு அடுக்கு. ஒரு அடுக்குக்கு ஒரு தாள். நாற்பது தாள் முடிந்தால் நானூறு சரி. ஆறு வருசமாக அவள் கை இதை நினைக்காமலே செய்கிறது.

அடுத்த நாள் காலையில் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே கை நின்றது. பத்து, நாற்பது தரம், நானூறு. அவளுடைய பத்தைத் தங்கச்சியின் நானூறாக்க நாற்பது சொட்டுப் போதும்.

கூடிப்போகுமா என்று ஒரு பயம் வராமல் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கும் அவளிடம் பதில் இருந்தது. ஆறாம் மாதம் கிளினிக்கில் அஸீஸா ஒரு விட்டமின் குளிசையை வெட்டி ஹாதிக்கின் வாய்க்குள் பிழிந்தாள். "ஒரு லட்சம் யுனிட்கா இது. ஆறு மாசத்துக்குக் காணும்" என்று அவள் சொன்னது சுஹறாவின் காதில் இருந்தது. ஒரு லட்சத்தைத் தாங்கின பிள்ளை நானூறைத் தாங்காதா?

காலையில் இருபது, பின்னேரம் இருபது. அரிசிமாக் கஞ்சியில் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டாள். மற்ற வேலையில் எண்ணிக்கை தவறினாலும் இதில் தவறவில்லை.

முதல் கிழமை ஹாதிக்கின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது போல அவளுக்குத் தெரிந்தது. பதியுதீனிடம் கேட்டாள்.

"இஞ்சாருங்க, மகன் கொஞ்சம் கொழுத்த மாதிரி இல்லயா?"

அவர் வலைக்கயிறு கிழித்த விரலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார். "முந்தி மாதிரித்தான் இரிக்கான்."

"உங்களுக்கு உங்கட புள்ளையில கண்ணே இல்ல."

சிபானா ஒருநாள் வந்து ஹாதிக்கைத் தூக்கிக் கொஞ்சினாள். "மாஷா அல்லாஹ் ராத்தா, கன்னம் கொஞ்சம் வச்சிரிக்கி" என்றாள். சுஹறா உள்ளுக்குள் சிரித்தாள். பார், உன் நானூறு என் வீட்டுக்கும் வந்துவிட்டது.

மூன்றாம் கிழமையில் பிள்ளை கஞ்சியைத் தள்ளத் தொடங்கினான். பிறகு பாலையும் தள்ளினான். குடித்த கொஞ்சமும் வாயால் திரும்பி வந்தது. நாலு நாளாக வயிற்றால் போகவில்லை. ஆனால் மூத்திரம் மட்டும் ஓயாமல் போனது. கொடியில் துண்டு காயக் காயப் புதிதாக நனைந்தது. கச்சான் காற்றுக்கு உடம்பு காய்ந்துபோச்சு என்றாள் அயல்காரி. இளநீர் கொடுத்தார்கள். அதுவும் திரும்பி வந்தது. எந்நேரமும் கையை ஆட்டி விளையாடுகிறவன் துணிபோலத் தோளில் கிடந்தான்.

சுஹறாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, இது கண்ணூறு. கன்னம் வைத்திருக்கிறது என்று சொன்ன வாய் எது? அந்த நாளுக்குப் பிறகுதானே பிள்ளை படுத்தான். லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் குடிப்பாட்டினாள். சிபானா வாசலில் வந்து நின்றபோது கதவை முழுக்கத் திறக்கவில்லை.

"ராத்தா, மகனுக்கு எப்படி? நான் ஒருக்காப் பாக்கன்."

"நித்திர கொள்றான். பொறகு வா."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமா? நான் ஓட்டோக்குச் சொல்லுறன்."

"எங்கட புள்ளைய நாங்க பாப்பம்கா. நீ உன்ட புள்ளையப் பாரு."

சிபானாவின் முகம் சுருங்கியது. திரும்பித் தன் வீட்டுக்குப் போனாள். அன்றைக்குப் பின்னேரமும் சுஹறா இருபது சொட்டு எண்ணினாள். பிள்ளை இளைத்துப் போயிருக்கிறான், இப்போதுதானே சத்து வேண்டும்.

இருபத்தேழாம் நாள் மூன்றாவது போத்தலும் முடிந்தது. அதே நாள், கிளினிக்குக்கு வரவில்லையே என்று அஸீஸா சைக்கிளில் தேடிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் உச்சந்தலையைத் தடவினாள். தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். அவள் குரல் மாறியது.

"எத்தின நாளா இப்படி?"

"ஒரு கிழமை இரிக்கும் மிஸ்."

"ஒரு கிழமையா வச்சிக்கிட்டு என்னகா செய்த நீ? சுருக்கா வெளிக்கிடு. மருந்து ஏதும் குடுத்தியா?"

"இல்ல மிஸ். தங்கச்சி தந்த விட்டமின் மட்டுந்தான்."

"எத்தின சொட்டு?"

நாற்பது என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் நானூறு வரும், ஜன்னல் கட்டு வரும்.

"ஒண்டு" என்றாள் சுஹறா.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குச் சேலைன் ஏற்றினார்கள். பதியுதீன் கடலில் இருந்து வந்தவர் உடுத்த சாரனோடு நேரே அங்கே வந்து நின்றார். அவர் மேலில் உப்புக் காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. இரத்தம் எடுத்துப் போனார்கள். அடுத்த நாள் காலையில் பிள்ளைகளின் டொக்டர் வந்தார். கண்ணாடி போட்ட, மெதுவாகக் கதைக்கிற பெண்.

"இரத்தத்தில கல்சியம் கனக்கக் கூடியிருக்கு. இருக்க வேண்டிய அளவுக்கு மேல நல்லாக் கூட. அதாலதான் வாந்தி, மலச்சிக்கல், இந்தச் சோர்வு எல்லாம். இப்படியே விட்டா சிறுநீரகத்தத் தாக்கும். பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்க?"

"விட்டமின் சொட்டு ஒண்டு, டொக்டர்."

"போத்தல் இருக்கா?"

போத்தலைக் கொண்டு வந்தது சிபானா. பதியுதீன் போன் பண்ணியிருந்தார். அவள் ஹப்ஸாவை அயல்வீட்டில் விட்டுவிட்டு, சுஹறாவின் வீட்டில் கிடந்த போத்தல் ஒன்றையும் தன்னுடைய போத்தலையும் எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தாள். வந்த கையோடு அழத் தொடங்கினாள்.

"என்ட மனுசன் அனுப்பினது டொக்டர். நான்தான் குடுத்த. அதுல ஏதும் பிழ இரிக்குமா? அல்லாஹ்வே, நான்தான் கொண்டு போய்க் கையில குடுத்த."

வார்டில் இருந்த தாய்மார் எல்லாம் சிபானாவைச் சுற்றி வந்தார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். இன்னொருத்தி, சாச்சிக்காரிக்கு எவ்வளவு பாசம் என்று சொன்னாள். படுத்துக் கிடக்கிறவன் சுஹறாவின் பிள்ளை. தேற்றப்படுகிறவள் சிபானா. அழுகையிலும் இவள்தான் முந்திக்கொண்டாள் என்று சுஹறா நினைத்தாள். பிள்ளை அந்தக் கிடை கிடக்கும்போதும் அவளுக்கு இந்த நினைப்பு வந்தது. அவளே அதற்காகத் தன்னை வெறுத்தாள். வெறுத்தாலும் நினைப்புப் போகவில்லை.

டொக்டர் இரண்டு போத்தலையும் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"இந்த ரெண்டிலயும் பிழை ஒண்டும் இல்ல. ரெண்டும் விட்டமின் டீ. ரெண்டும் ஒரே அளவு."

சுஹறாவின் தலை நிமிர்ந்தது.

"ஒரு சொட்டு குடுத்தா இப்படி வராது. இது வேற ஏதோ வருத்தம். கழுத்தில உள்ள சுரப்பியா இருக்கலாம், இல்ல பிறப்பிலயே உள்ள ஏதும் குறையா இருக்கலாம். இங்க பாக்க வசதியில்ல. இண்டைக்கே கொழும்புக்கு மாத்துறதுதான் நல்லம். நான் கதைக்கிறன். ஆனா பிள்ளை இருக்கிற நிலைக்கு அவ்வளவு தூரம் அம்புலன்ஸில போறதும் எனக்குப் பயம்தான்."

பதியுதீன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "கொழும்பிலயும் பாக்க ஏலாட்டி, டொக்டர்?"

டொக்டர் குனிந்து பிள்ளையின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"டொக்டர்" என்றாள் சுஹறா. அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "ரெண்டும் எப்படி ஒண்டு? இதுல பத்தெண்டு கிடக்கு. அதுல நானூறு."

டொக்டர் அவளைப் பார்த்தார். பிறகு மருந்து எழுதும் துண்டுத்தாள் ஒன்றைத் திருப்பி அதன் முதுகில் எழுதிக் காட்டினார்.

"இது பத்து மைக்ரோகிராம். அது நானூறு ஐயு. அளக்கிற கணக்குத்தான் வேற, சாமான் ஒண்டு. நீங்க மீனை றாத்தலில சொன்னாலும் கிலோவில சொன்னாலும் மீன் ஒண்டுதானே? விட்டமின் டீ ஒரு மைக்ரோகிராம் எண்டா நாப்பது ஐயு. அப்ப பத்து மைக்ரோகிராம் எத்தினை?"

நாற்பது அடுக்கு. சுஹறாவுக்குத் தாள் தேவைப்படவில்லை.

"அப்ப கிளினிக்கில ஒரு லட்சம் யுனிட் குடுத்தாங்களே டொக்டர்."

"அது விட்டமின் ஏ. அந்த யுனிட் வேற, இந்த யுனிட் வேற. பேர் ஒண்டெண்டதுக்காக ஒண்டை வச்சு மற்றதை அளக்க ஏலாது. அது ஆறு மாசத்துக்கு ஒருக்காக் குடுக்கிறது. இது நாளாந்தம். ஏன் கேக்கிறீங்க?"

தாதி டொக்டரிடம் போனைக் கொண்டு வந்து நீட்டினாள். கொழும்பு கிடைத்துவிட்டது. டொக்டர் போனை வாங்கக் கையை நீட்டினார். சிபானா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். பதியுதீன் நின்றார். வார்டுத் தாய்மார் நின்றார்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்னால்தான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையை அம்புலன்ஸில் ஏற்றி, இல்லாத வருத்தத்தைத் தேடிக் கொழும்புக்குக் கொண்டு போவார்கள்.

"நான் ஒரு சொட்டு குடுக்கல்ல டொக்டர்" என்றாள். "நாப்பது குடுத்த."

"நாப்பது நாளா?"

"நாளைக்கு நாப்பது. இருபத்தேழு நாள். மூணு போத்தலும் முடிஞ்சி."

டொக்டர் போனைக் காதில் வைக்காமல் கீழே வைத்தார். "பதினாறாயிரம்" என்று தனக்குள் சொன்னார். "ஒரு நாளைக்குப் பதினாறாயிரம் யுனிட். நானூறு போதும் இந்தப் பிள்ளைக்கு. ஆர் உங்களுக்கு நாப்பது எண்டு சொன்னது?"

"ஆரும் சொல்லல்ல. தங்கச்சிட போத்தல்ல நானூறு இரிந்த. என்டதில பத்து. அவ கூடினத வச்சிக்கிட்டு எனக்குக் கொறஞ்சதத் தந்திட்டா எண்டு நெனச்ச." அவள் சிபானாவின் பக்கம் திரும்பவில்லை. "அவட புள்ளைக்குக் கிடைக்கிறது என்ட புள்ளைக்கும் கிடைக்கட்டுமெண்டு சமனாக்கின."

டொக்டர் சேலைன் இறங்குவதைப் பார்த்தார். பிறகு தாதியிடம் வேலைகளைச் சொல்லத் தொடங்கினார். சேலைனைக் கூட்டு, மூத்திரத்தை அளந்து எழுது, இந்த ஊசியைப் போடு, கல்சியத்தை நாளைக்குத் திரும்பப் பார்ப்போம். போகும்போது சுஹறாவின் பக்கத்தில் நின்று சொன்னார்.

"நேற்றுச் சொல்லியிருந்தா நேற்றே தொடங்கியிருக்கலாம், அம்மா."

அதற்குப் பதில் ஏசியிருந்தால் சுஹறாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பதியுதீனும் ஏசவில்லை. வெளியே போய்ப் பிளேன்டீ வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார். "குடி" என்றார். அவள் ஒரு வாய் குடித்த பிறகு, "நீ என்னட்டயாச்சும் கேட்டிரிக்கலாமே புள்ள" என்றார். "எனக்கும் தெரிஞ்சிராது. ஆனா நான் போய் அவக்கிட்டக் கேட்டிரிப்பன்." அவ்வளவுதான். சிபானா எப்போது எழும்பிப் போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

மூன்று நாள் சிபானா வரவில்லை. சுஹறாவுக்கு அந்த மூன்று நாளும் இரண்டு வேலை. ஒன்று, தாதி அளந்து எழுதும் இலக்கங்களைப் பார்ப்பது. கல்சியம் எவ்வளவு, எந்த அளவில் எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் கேட்டாள், தாதிக்கு அலுத்துவிட்டது. மற்றது, தங்கச்சியிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று மனதில் வார்த்தை அடுக்குவது. உன்னைக் கள்ளி என்று நினைத்தேன், உன் கண்ணை நச்சுக் கண் என்று நினைத்தேன், நீ சமனாகத்தான் தந்திருக்கிறாய். இதைச் சொல்ல நினைக்கும்போதெல்லாம் சிபானாவின் நல்ல முகம் முன்னால் வந்து நின்றது. அந்த நல்ல முகத்தின்மீது அவளுக்குப் புதிதாக ஒரு எரிச்சல் பிறந்தது. வீடும் அவளுக்கு, பாரமும் அவளுக்கு, இப்போது நல்ல மனதும் அவளுக்கா? இந்த ஒன்றைச் சமனாக்கச் சொட்டு மருந்தும் கிடையாது.

நாலாம் நாள் கல்சியம் பாதி வழி இறங்கியிருந்தது. காலையில் ஹாதிக் பாலைப் பிடித்து இழுத்துக் குடித்தான். பதியுதீன் அதைக் கேட்டு வார்டுக்கு வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். சிறுநீரகம் தப்பிவிட்டது போலத்தான் தெரிகிறது, ஆனால் மாதாமாதம் வந்து காட்ட வேண்டும், பிள்ளையை வெயிலில் கொண்டு போகவேண்டாம் என்று டொக்டர் சொன்னார்.

பகல் சாப்பாட்டு நேரம் சிபானா வந்தாள். கையில் சோற்றுப் பார்சல். பாரை மீன் ஆணத்தின் புளி வாசம் வந்தது. கட்டிலின் கால்மாட்டில் இருந்தாள். பிள்ளையின் காலைத் தொட்டாள், பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

சுஹறா அடுக்கி வைத்த வார்த்தையை எடுத்தாள். "சிபானா, நான் உன்னில பிழையா நெனச்சிட்டன். நீ சமனாத்தான்..."

"இல்ல ராத்தா."

"என்ன இல்ல?"

சிபானா முந்தானையின் தொங்கலை விரலில் சுற்றினாள். மூன்று நாளாக அவள் நித்திரை கொள்ளவில்லை என்று கண் சொன்னது.

"பெட்டியில ரெண்டு சாதியும் கலந்துதான் வந்த. கடையில ஒரே சாதியில ஆறு இல்லயாம். ரெண்டும் ஒண்டுதான், ஆருக்கு எதையும் குடு எண்டு அவரு வொய்ஸ் போட்டாரு." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் நம்பல்ல ராத்தா. எனக்கும் என்ன தெரியும். நானூறு பெரிசெண்டுதான் நெனச்ச. அதுதான் அத மூணையும் பொறுக்கி எடுத்து நான் வச்சிக்கிட்ட. பத்து போட்டத உங்களுக்குத் தந்த."

சுஹறா பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"உங்கட மகன் கடலால வாற வாப்பாவப் பாத்துக் கையத் தட்டுறான். ஹப்ஸாக்கு வாப்பாவப் போனில காட்டினா அவ போனத்தான் நக்குறா. அவருட்ட இரிந்து அவவுக்கு வாறது இப்படிப் போத்தலும் சட்டையுந்தான். அதுலயாச்சும் கூடினது அவவுக்கு இரிக்கட்டுமெண்டு நெனச்ச. நீங்க அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லக்குள்ள எனக்குத் தெரியும், நீங்க நெனச்சது சரியெண்டு. நான் வாயத் திறக்கல்ல. எழும்பிப் போயிட்டன்."

சுஹறாவுக்குக் கோபம் வரவேண்டும். அவள் அதற்காகக் காத்திருந்தாள். வந்தது சந்தோசம். வெட்கம்கெட்ட, வயிறு நிறைந்த சந்தோசம். மூன்று நாளாக நெஞ்சில் ஏறி இருந்த அந்த நல்ல முகம் இறங்கிப்போய், சின்ன வயதில் பெரிய துண்டு அப்பளத்துக்குச் சண்டை பிடித்த தங்கச்சி கால்மாட்டில் இருந்தாள். இவள் வீட்டு மாபிளையும் இவள் பிள்ளையின் பாரத்தையும் இனிப் பார்க்கலாம்போல இருந்தது.

"ராத்தா, ஏசிப்போடுங்க."

"என்னத்துக்கு?" என்றாள் சுஹறா. சோற்றுப் பார்சலைத் தன் பக்கம் இழுத்து முடிச்சை அவிழ்த்தாள். "பெட்டி என்ட வீட்டுக்கு வந்திரிந்தா நானும் நானூறத்தான் வச்சிரிப்பன்கா."